ஏழாவது பிரதிக்கினை

சாம்பல் புதன்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், நெற்றிச் சாம்பலைக்கூடத் துடைக்காமல், இமெல்டா அந்த வருஷத்துப் பிரதிக்கினைகளை எழுத உட்காருவாள். எப்போதும் ஏழு. முதல் ஆறும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்னே பின்னே மாறும். தினம் காலைப் பூசைக்குப் போவது, வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பது, சீரியல் பார்ப்பதில்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கிற யாரையாவது வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, இப்படி. ஏழாவது மட்டும் மாறாது. "ஸ்ரீரங்கம் போகணும்." அவ்வளவுதான்.

முதல் ஆறையும் அவள் ஒரு நாள் பிசகாமல் கடைப்பிடித்தாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஒருசந்தியை விட்டதில்லை. ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் வேலை. மன்னார்புரத்தில் அவள் கோயில் பங்கைச் சேர்ந்த யார் வீட்டில் சாவு என்றாலும் ஜெபம் சொல்ல முதலில் போய் நிற்பது அவள்தான். "இமெல்டா அக்காவைப் பாரு" என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிற தாய்மார்கள் உண்டு. அது காதில் விழும்போதெல்லாம் அவள் பேச்சை வேறு பக்கம் திருப்புவாள்.

ஏழாவதை ஒன்பது வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தாள். ஸ்ரீரங்கம் ஒன்றும் எட்டாத ஊரில்லை. ஜங்ஷனில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். பலமுறை ஏறியிருக்கிறாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்ததும் ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல இறங்கிவிடுவாள். ஒரு வருஷம் காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை வரைக்கும் போனாள். அங்கே இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினாள். கொரோனா வந்து பஸ்ஸெல்லாம் நின்றுபோன வருஷம் ஊரே கதிகலங்கிக் கிடந்தபோது, இந்த வருஷம் போகவேண்டியதில்லை என்று அவளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் இருந்தது அவள் தங்கை பிலோமி.

அம்மா சாகும்போது இமெல்டாவுக்குப் பதினஞ்சு, பிலோமிக்கு ஆறு. தலை சீவி, பின்னல் போட்டு, கோயிலில் முதல் நன்மை எடுக்க வெள்ளைக் கவுன் தைத்து, காலேஜ் வரைக்கும் கொண்டுவந்து விட்டது அக்காதான். அந்தப் பிலோமி, இரண்டாயிரத்துப் பத்தில், மண்ணச்சநல்லூர்க்காரர் சிவசங்கரை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் குடியேறிவிட்டாள். சிவசங்கர் மூக்குக் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். அப்பா ராயப்பன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். ஒரு சொல் சொன்னால் அதை மாற்றாதவர். "எனக்கு ஒரு பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். ஒருமுறை பிலோமி வாசல் வரை வந்தாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்போது வந்துகொண்டிருந்த ஒரு வரனும் இமெல்டாவுக்கு அதோடு தட்டிப்போனது. அதற்கப்புறம் யாரும் பெண் கேட்டு வரவில்லை.

ஆறு வருஷம் கழித்து அப்பாவைப் பக்கவாதம் அடித்துப் போட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை செத்து, உள் ரூம் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். இமெல்டா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டாள். துடைத்துவிட்டு, புரட்டிப் போட்டு, கஞ்சியை ஸ்பூனால் ஊட்டி, நாலு மாசம். பேச்சு அநேகமாகப் போய்விட்டிருந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. தினம் சாயந்திரம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். காலேஜிலிருந்து பிலோமி வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம் அது. மணி ஓய்ந்ததும் அவர் கதவைப் பார்த்துக் கேட்பார்.

"வந்துட்டாளா?"

முதல் நாள் இமெல்டாவுக்குப் புரியவில்லை. "யாருப்பா?" என்று குனிந்து கேட்டாள். "பிலோமி" என்றார். நாக்கு புரளாத அந்த வாயில் அந்தப் பெயர் மட்டும் தெளிவாக வந்தது.

அந்த வாரமே பிலோமி போன் செய்தாள். யார் மூலமாகவோ கேள்விப்பட்டிருக்கிறாள். "அக்கா, நான் வரட்டுமா? ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

இமெல்டா உள் ரூம் வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"உன்னைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்ல பிலோமி."

"போனை அவர் காதுல வையேன். நான் பேசறேன்."

"தூங்கறாரு" என்றாள் இமெல்டா. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "கல்லறைக்குக்கூட நீ வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அன்று ஆறு மணிக்கு அப்பா வழக்கம்போலக் கேட்டார். "வரமாட்டேன்னுட்டாப்பா" என்று சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் மணி அடித்ததும் மறுபடியும் கேட்டார். அவரைப் புதைத்து முடித்த பிறகுதான் பிலோமிக்கு இமெல்டா செய்தி சொன்னாள்.

முப்பதாம் நாள் பூசை நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இமெல்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மணி அடித்து ஓய்ந்தது. உள் ரூமிலிருந்து கேட்டது.

"வந்துட்டாளா?"

கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். பக்கத்து வீட்டு டீவியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் கேட்டது. பயமுறுத்துகிற குரல் இல்லை. அதட்டலும் இல்லை. உயிரோடு இருந்தபோது எப்படிக் கேட்டாரோ அப்படியே, கொஞ்சம் ஆவலோடு, இன்றைக்காவது என்பதுபோல. சாமியாரை அழைத்து வீட்டை மந்திரிக்கச் சொன்னாள். தீர்த்தம் தெளித்தாள். கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டாள். காலியான சுவரிலிருந்தும் குரல் வந்தது. கட்டிலைத் திரும்ப இறக்கிப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டாள்.

அதன் பிறகு சாயந்திரம் ஆறு மணிக்கு அவள் வீட்டில் இருப்பதில்லை. ஐந்தரைக்கே கோயிலுக்குப் போய் ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிடுவாள். மரியாயின் சேனை என்கிற ஜெப சங்கத்துக்கு அவளைத் தலைவியாக்கியது அதனால்தான். மழை பெய்தாலும் இடி இடித்தாலும் ஆறு மணிக்கு இமெல்டா கோயிலில் இருப்பாள் என்று பங்குச் சாமியாரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். "பொய் சொன்னேன் சாமி. எத்தனை தடவைன்னு ஞாபகமில்ல" என்பாள். ஆபீஸில் சொன்ன சில்லறைப் பொய்களோடு இதையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். மூன்று பரலோக மந்திரம் சொல்லுங்கள் என்று அவரும் அனுப்பிவிடுவார்.

இந்த வருஷம் தவக்காலத் தியானத்துக்குக் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். தொண்டை கட்டிய குரல். மூன்று நாள் தியானத்தின் கடைசி நாள், சனிக்கிழமை மத்தியானம், எல்லாருக்கும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. பட்டியல் வேண்டாம். பட்டியல் போட்டா லேசானதையெல்லாம் செஞ்சுட்டு, கஷ்டமானதை அதுக்கடியில ஒளிச்சு வச்சுடுவோம். நானும் அப்படித்தான்" என்றார். "எழுதி முடிச்சதும் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லணும்."

இமெல்டா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு வரி எழுத இடமில்லாத காகிதம். எழுதினாள்.

அவள் பக்கத்தில், நடைபாதைக்கு அந்தப் புறம் உட்கார்ந்திருந்தவர் ஜூட். ஆட்டோ ஓட்டுபவர், நாற்பது வயதிருக்கும். வருஷத்தில் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் கோயில் பக்கம் தலைகாட்டுவார். இந்த முறை அவர் பெண்சாதி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் முதலில் சொன்னார்.

"குடிக்கக்கூடாது. அவ்வளவுதான்க்கா. வேற எதுவும் எனக்கு எழுதத் தெரியல. நீங்க?"

"ஸ்ரீரங்கம் போகணும்."

ஜூட் புரியாமல் பார்த்தார். "கோயிலுக்கா?"

"என் தங்கச்சி அங்க இருக்கா. அவகிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்." இவ்வளவு பேசுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"எப்போ போறீங்க?"

"ஈஸ்டர் முடிஞ்சதும் போகலாம்னு..."

ஜூட் தன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அக்கா, நான் தப்பாப் பேசினா மன்னிச்சுக்குங்க. நானும் அடுத்த வாரத்துலேருந்து விடறேன்னுதான் பதினஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்கேன். சாயந்திரமானா கால் தன்னால கடைப்பக்கம் போயிடுது. இன்னிக்கு உங்களைக் கொண்டுபோய் விட்டா எனக்கும் அந்த நேரம் கழிஞ்சிடும். வண்டி வெளியிலதான் நிக்குது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும், தான் முடியாது என்றால் அவரும் இன்றைக்குக் குடித்துவிடுவார் என்று தோன்றியது. பூசை முடிந்ததும் ஆட்டோவில் ஏறினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டியபோது கால் கட்டைவிரல்களைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். காவிரியில் தண்ணீர் இல்லை. மணலுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடியது. பாலத்தில் போகும்போது பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மாம்பழச்சாலையில் சிக்னலுக்கு நின்றபோது ஜூட், "இறங்கறதா இருந்தா சொல்லுங்க. பரவாயில்ல" என்றார்.

"போங்க" என்றாள்.

விலாசம் மனப்பாடம். அப்பா இருந்தவரைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் வரும். பின்னால் பிலோமியின் குண்டுக் கையெழுத்தில் அடையவளஞ்சான் தெரு முகவரி இருக்கும். அப்பா போன பிறகு அட்டை வரவில்லை.

கதவைத் திறந்தது பிலோமியேதான். முன்தலை நரைத்திருந்தது. நெற்றியில் குங்குமம், காதோரம் கொஞ்சம் மல்லி. இமெல்டாவைப் பார்த்ததும் அவள் கை தன்னால் வாயைப் பொத்தியது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பிலோமி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழி விட்டாள். சின்ன ஹால். சுவரில் பெருமாள் படம் போட்ட காலண்டர், பள்ளிக்கூட மெடல்கள். பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றாள். தேவதர்ஷினி. இதற்கு முன் இமெல்டா அவளைப் பார்த்ததில்லை. அந்த அகன்ற நெற்றியும், பேச ஆரம்பிக்கும் முன் உதட்டை ஒருமுறை மடிக்கிற பழக்கமும் அப்படியே அப்பாவுடையது.

காபி வந்தது. சிவசங்கர் கடையில் இருப்பதாகப் பிலோமி சொன்னாள். தர்ஷினி எட்டாவது படிக்கிறாள் என்றாள். தபால் ஆபீஸ் இன்னும் அதே கட்டடத்தில்தானா என்று கேட்டாள். இமெல்டா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிலோமி முதலில் விறைப்பாக இருந்தாலும் போகப்போகக் கொஞ்சம் இளகினாள். ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இமெல்டாவுக்கு ஆசை வந்தது. இப்படியே இருந்துவிட்டால் என்ன? ஸ்ரீரங்கம் போகவேண்டும் என்றுதானே எழுதினோம், வந்துவிட்டோமே. இனி மாதம் ஒருமுறை வரலாம், தர்ஷினிக்குத் துணி எடுத்துக் கொடுக்கலாம். பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

மணி ஆறாக இரண்டு நிமிஷம் இருந்தது. "நேரமாச்சு, போயிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

செருப்பில் கால் நுழைத்தபோது, உள்ளே கதவு பாதி சாத்தியிருந்த அறையிலிருந்து கேட்டது.

"வந்துட்டாளா?"

ஒன்பது வருஷத்தில் அந்தக் குரல் மன்னார்புரம் வீட்டைத் தாண்டியதில்லை. ஆற்றைக் கடந்து வந்திருந்தது. இமெல்டா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"என்னது?" என்றாள் பிலோமி.

"அந்த ரூம்ல யாரு?"

"யாரும் இல்லயே. என்னக்கா, உடம்பு சரியில்லையா?" பிலோமி அவள் தோளைத் தொட்டாள். பதினஞ்சு வருஷத்துக்குப் பிறகு தங்கையின் கை. அதைத் தாங்க முடியாமல் இமெல்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்தபடியே சொன்னாள். அப்பா கேட்டது, போன் வந்தது, தான் சொன்னது, எல்லாம்.

பிலோமி கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மகளைப் பார்த்து, "தர்ஷினி, அப்பா கடைக்குப் போ. நான் கூப்பிடற வரைக்கும் அங்கயே இரு" என்றாள். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"திருப்பிச் சொல்லு" என்றாள் பிலோமி. "எத்தனை நாள் கேட்டாரு?"

"நாலு மாசம்."

"தினமுமா?"

"தினமும். மணி அடிச்சதும்."

"நீ என்ன சொன்ன?"

"வரமாட்டேன்னுட்டான்னு சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன செஞ்சாரு?"

"சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. மறுநாள் திரும்பக் கேட்பாரு."

பிலோமி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. வெயிலில் கிடந்த பாத்திரம்போல அது வெறுமனே இருந்தது.

"ஏன்க்கா?"

இந்தக் கேள்விக்கு இமெல்டா ஒன்பது வருஷமாகப் பல பதில்கள் தயாரித்து வைத்திருந்தாள். தட்டிப்போன வரன், ஊர்ப் பேச்சு, குடும்ப மானம். வாயில் வந்தது வேறு.

"மலமூத்திரம் அள்ளினேன். ஒரு தடவைகூட அவர் என் பேரைச் சொல்லல."

சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"அவர் கேட்ட மாதிரியே சொல்லு" என்றாள் பிலோமி.

"என்ன?"

"அப்பா எப்படிக் கேட்டாரோ, அதே மாதிரி."

இமெல்டா வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டாள். "வந்துட்டாளா?" என்றாள். அது அவள் குரலாக இல்லை. கனத்து, காற்றுப் பிரிந்து, ஆவலோடு வந்தது.

"இன்னொரு தடவை."

சொன்னாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை பிலோமி கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தூரத்திலிருந்து வருகிற ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டாள். அப்புறம் கண்ணைத் திறந்தாள்.

"நான் கல்யாணம் பண்ணி வந்தப்புறமும் தினம் படுக்கறப்ப ஜெபம் சொல்லிட்டுத்தான் படுப்பேன். இவரு ஒண்ணும் சொன்னதில்ல. நீ போன்ல அப்படிச் சொன்ன அன்னிக்கு ராத்திரி, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவேன்னு ஆரம்பிச்சேன். பிதாவேங்கற வார்த்தைக்கு மேல வாய் வரல. பெத்தவரே வேண்டாம்னப்புறம் யாரைப் போய் அப்பான்னு கூப்பிடறது? அன்னியோட விட்டுட்டேன். அவர் கல்லறை எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டத்து ரோட்டுல பஸ் போனா நான் தலையைத் திருப்பிக்குவேன்."

"பிலோமி..."

"போதும். போ."

இமெல்டா எழுந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்டால் அவளிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்குவதாகிவிடும் என்று பட்டது. கேட்காமலே படி இறங்கினாள்.

தெருமுனையில் ஜூட் ஆட்டோவில் காத்திருந்தார். பாலம் தாண்டிய பிறகு, "சொல்லிட்டீங்களாக்கா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"போன்னா."

ஜூட் தலையை ஆட்டினார். "இன்னிக்கு நானும் தொடல" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அடுத்த வாரம் இமெல்டா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். இந்த முறை அதை மட்டும் சொன்னாள், முழுசாக. "அவங்க உங்களை மன்னிப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. எதிர்பார்க்காம இருக்கறதுதான் உங்களுக்கு அபராதம்" என்றார் சாமியார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் குரல் நின்றுவிடும் என்று அவள் மனதுக்குள் நம்பியிருந்தாள். நிற்கவில்லை. ஆறு மணிக்குக் கோயிலுக்கு ஓடுவதை அவள் நிறுத்திவிட்டாள். வீட்டிலேயே, உள் ரூமிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கேள்வி வரும். அவள் பதில் சொல்வதில்லை. இமெல்டா அக்கா ஏன் சாயந்திர ஜெபமாலைக்கு வருவதில்லை என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஒருசந்தியையும் மறந்து, ஆபீஸில் யாரோ கொடுத்த வடையைச் சாப்பிட்டுவிட்டாள். பாதி தின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. மீதியையும் தின்றாள். ஜூட் பெரிய வெள்ளி வரைக்கும் தாக்குப்பிடித்து, அன்று குடித்துவிட்டு, ஈஸ்டர் திங்களன்று திரும்ப நிறுத்தினார் என்று அவர் பெண்சாதி சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் போன் அடித்தது.

"கல்லறை எங்க இருக்கு?" என்றது பிலோமியின் குரல்.

இமெல்டா சொன்னாள். கேட்டுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம், குருசடியைத் தாண்டி நாலாவது வரிசை, அம்மா பேரையும் அந்தப் புதுக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது.

"நாளைக்குப் போறேன். நீ வராத."

"சரி."

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். கல்லறைத் தோட்டம் நடந்து போகிற தூரம். இந்நேரம் வந்திருப்பாள், இந்நேரம் கல்லைத் தேடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். வாசலைத் தாண்டவில்லை. ஒன்பது வருஷம் செய்த எந்த ஒறுத்தலும் அந்த ஒரு பகலைப் போல அவளை வதைத்ததில்லை.

சாயந்திரம் உள் ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி அடித்தது, ஓய்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நிம்மதி வருமென்று பார்த்தாள், வந்தது பயம். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் அவளோடு ஒருவர் இருந்திருக்கிறார். அவள் பெயரைச் சொல்லாவிட்டாலும் தினம் ஒருமுறை அவளிடம்தான் கேட்டிருக்கிறார். இப்போது அந்த ரூமில் கட்டிலும் சுவரும் மட்டும்தான் இருந்தன. நாலாவது நாள் அவள் கட்டில் சட்டத்தில் தலையை வைத்து, அப்பா செத்துப்போனதற்காக முதல்முறையாக அழுதாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, பிலோமி தர்ஷினியோடு வந்து வாசலில் நின்றாள்.

"அந்த ரூமைப் பார்க்கணும்" என்றாள்.

இமெல்டா ஒதுங்கி நின்றாள். இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இமெல்டா அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். உள்ளிருந்து பிலோமியின் பேச்சு தாழ்வாக வந்தது; மகளுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். வார்த்தை பிடிபடவில்லை. பிடிக்க அவள் முயலவும் இல்லை. ஒருமுறை தர்ஷினி ஏதோ கேட்பது கேட்டது. டீ கொதித்து வற்றிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடியும் தண்ணீர் வைத்தாள்.

வெளியே வந்தபோது பிலோமியின் கண்கள் வீங்கியிருந்தன. மேஜையில் மூன்று டம்ளர் டீ இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், உட்காரவில்லை. தர்ஷினி ஒன்றை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவேன்" என்றாள் பிலோமி.

"நான் கோயிலுக்குப் போயிடறேன். சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு..."

"வேண்டாம். வீட்டுலயே இரு." பிலோமி கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா என்கிட்ட பேசாத."

இமெல்டா தலையை ஆட்டினாள். பிலோமி நின்றபடியே ஒரு டம்ளரை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, டீயைக் குடிக்கத் தொடங்கினாள்.